ஒன்பதாவது படம்

மடக்கினால் கைக்கு அடங்கிவிடும் அந்தப் பழைய சுருள் பிலிம் கேமராவை விற்க, ஜுபைர் ஆன்லைனில் ஆள் பிடித்திருந்தான். இரண்டே வருடம் செய்து, உலக யுத்தம் வந்ததும் நிறுத்திய மாடலாம் அது. உள்ளே தயாரிப்பு எண் இருந்தால்தான் வாங்குவேன் என்றார் அந்த ஆள். கூடத்து ஜன்னல் வெயிலில் நின்று எண்ணைத் தேடிய ஜுபைர், உள்ளிருந்த சுருளையும் முழுதாக உருவிப் பார்த்துவிட்டான்.

கடைத்தெருவிலிருந்து திரும்பிய அக்கா இர்பானாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆயுசுக்கும் போட்டோவுக்கு நிற்காத அம்மா, மௌத்தாவதற்கு முந்தின வாரம், ராஜகிரிக் கோட்டை மலை பின்னால் தெரிய மாடியில் நின்ற ஒரே படம் அதில்தான் இருந்தது.

“வெளிச்சம் பட்டா பிலிம் போயிடும்னு தெரியாதாடா? அறிவையும் சேத்து வித்துட்டியா?”

“மெமரி கார்டு மாதிரி இருக்கும்னு நெனச்சேங்கா. டென்ஷன் ஆவாத.”

“என் கண்ணு முன்னாடி நிக்காத, போ!”

அப்படியும் மனசு கேட்காமல் சுருளைத் திரும்பச் சுற்றிப் பாண்டிச்சேரிக்குக் கழுவ அனுப்பினாள்.

எட்டுப் படம் பிடிக்கும் சுருள் அது. எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்பதாவதாக ஒரு படம் பளிச்சென்று வந்திருந்தது. திறந்த கேமராவும் தொங்கும் சுருளுமாக ஜுபைர். அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தும் இர்பானா. சமையல்கட்டு வாசலில் நின்று எடுத்த படம். அன்று வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

இர்பானா அதைத் தம்பியின் மேல் விட்டெறிந்தாள்.

“பாரு, இதுலயும் அம்மா இல்ல!”