கரடியின் உதடு

கரடி புற்றுமண்ணை முகர்ந்தது.

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவை முடிந்து இன்றோடு இருபத்தாறு நாள். அதன் வலது காதைத் திறந்து, சீழ் பிடித்து இறுகிப்போன குழாயை மொத்தமாக வெட்டி எடுத்தவள் அவள்தான். அந்த விலங்கு மீட்பு மையத்தின் ஒரே மருத்துவர், ஷாகிரா.

கடையம் பக்கத்து வாழைத்தோப்பில், தலையைச் சாய்த்தபடி வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த கரடி அது. பிடித்து வந்தார்கள். சொட்டு மருந்து, ஊசி, பலாச்சுளைக்குள் ஒளித்து வைத்த மாத்திரை என்று ஐந்து மாதம் போனது. சீழ் வற்றும், மறு வாரமே ஊறும். வலி தாங்காமல் அது தலையைச் சுவரில் மோதும் சத்தம் அவள் அறை வரைக்கும் கேட்கும்.

வேறு வழியில்லாமல்தான் கத்தியை எடுத்தாள்.

உதட்டுக்குப் போகும் நரம்பு காதுக்குழாயை உரசிக்கொண்டு ஓடுகிறது. நான்கு மணி நேரம் அதை விலக்கிப் பிடித்தே வேலை செய்தாள்.

காது ஆறியது. தலை நிமிர்ந்தது.

வலப்பக்க உதடு மட்டும் தொங்கிப்போனது.

மனிதருக்கு உதடு தொங்கினால் சிரிப்பு கோணும், அவ்வளவுதான். கரடிக்குப் பிழைப்பே உதட்டில். குழல் மாதிரிக் குவித்துப் புற்றுக்குள் வைத்து, கரையானை உறிஞ்சியெடுக்க வேண்டும். அது வராத கரடியைக் காட்டில் விட முடியாது. கஞ்சியை நக்கிக்கொண்டு கடைசிவரை கூண்டில் கிடக்க வேண்டியதுதான்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அருளப்பன் தினமும் ஒரு கூடை புற்றுமண் வெட்டி வருவார். தினமும் கரடி முயலும். காற்று உதட்டோரமாகப் புஸ்ஸென்று கழன்றுவிடும். மண்ணை இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இன்று அது ஊதியது.

புழுதி பறந்தது. அருளப்பன் மீசையெல்லாம் மண்.

பிறகு உறிஞ்சியது.

சர்ரென்று ஒரு சத்தம். கிணற்று மோட்டார் தண்ணீர் வற்றிக் காற்றை இழுப்பது போல. தகரக் கூரையில் இருந்த மைனாக்கள் அலறிக்கொண்டு கிளம்பின.

மறுபடியும்.

மறுபடியும்.

"டாக்டரம்மா," என்றார் அருளப்பன். "உங்க வாயைப் பாருங்க."

அவள் உதடு குவிந்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ. கரடியோடு சேர்ந்து அவளும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள்.

கரடி சட்டை செய்யவில்லை. கடைசிக் கரையான் வரை இழுத்துவிட்டு, மூஞ்சியெல்லாம் மண்ணோடு நிமிர்ந்து பார்த்தது.

"இன்னும் கேக்குல்லா!" அருளப்பன் வெறும் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். "காட்டுக்குள்ள, ஓடைக்கு அந்தப் பக்கம், என் உசரத்துக்கு ஒரு புத்து நிக்கு. அதை எப்படி வெட்டிக் கொண்டாறது?"

ஷாகிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டாற வேண்டாம் அண்ணாச்சி."

அருளப்பன் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தார்.