கண் திறக்காத கமரா

"கையை எல்லாருக்கும் தெரியிறமாதிரி வைச்சுக் கழட்டு. ஒளிச்சு மறைச்சு ஒண்டும் செய்யாதை," என்கிறார் செபநாயகம். அரியாலைக் கரையின் கண்டல் மரத்தில் வலைக்குக் காவலாக அவர் கட்டிவைத்திருந்த கமரா இப்போது கிறிஸ்ரியின் மடியில் கிடக்கிறது. இரவு, ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு அவர் கட்டியிருந்த சிறகுவலையை யாரோ வெட்டிவிட்டார்கள். பக்கத்து வலை கிறிஸ்ரியுடையது என்பதால் வெட்டியவனும் அவன்தான் என்று கரை முடிவுகட்டிவிட்டது. இல்லை என்று சொல்லக்கூடியது இந்தக் கமரா மட்டுந்தான். அதுவோ இயங்க மறுக்கிறது. மூடியைத் திறந்தால் பற்றறி தொடும் கம்பிச்சுருள்களெல்லாம் மஞ்சள் கிறீஸ். "உப்புக் காத்துக்கு எஞ்சினுக்குப் பூசிறமாதிரிப் பூசினனான். அதிலை உனக்கென்ன?" உடுத்திருந்த சாரத்தின் நுனியால் கிறிஸ்ரி ஒவ்வொன்றாகத் துடைக்கிறான். காலை வெயில் சேற்றில் பளபளக்கிறது. கரைக்கு இழுத்துப் போட்ட வலைத்துண்டில் ஒரு நண்டு காலை உதறிக்கொண்டே இருக்கிறது. பின்னால் யாரோ காறித் துப்புகிறார்கள். "வலையை வெட்டினவரே கமராவைத் திருத்திறாராம், பாருங்கோவன்!" சிரிப்பு எழுகிறது. அவன் சுவிச்சைத் தள்ளுகிறான். சிவப்பு வெளிச்சம் வரவில்லை. பற்றறிகளைக் கழற்றிப் பார்க்கிறான். எல்லாவற்றின் அடியிலும் ஈரம் கசிந்து வெள்ளையாய்ப் பொரிந்திருக்கிறது. விடியற்புறம் வலை பார்க்கக் கொண்டுபோன ரோச் லைற் இன்னும் செபநாயகத்தின் கையில் இருக்கிறது. இதே பற்றறிகள்தான் அதற்குள்ளும். கிறிஸ்ரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறான். "அண்ணை, உந்த ரோச்சுப் பற்றறியை ஒருக்காத் தாங்கோ. படத்தைப் பாத்திட்டு, நான்தான் வெட்டினதெண்டால் அடியுங்கோ."