தலைவரின் புரோட்டீன்

“பெருமதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களே! மட்டாஞ்சேரி மிளகு வியாபாரச் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி இது. என் மூளையில் ஒரு புரோட்டீன்கூடக் கோணலாக மடங்கவில்லை!”

மிளகு வியாபாரிகள் சங்கத் தலைவர் ரஷீது, இடது கையால் மேசையைத் தட்டினார். வலது கை ஆறு மாதமாகத் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கம்தான் விவகாரம். மூளை நோயின் ஆரம்பமாக இருக்கலாம், அதற்கான கோணல் புரோட்டீன் தோலிலும் இருக்கும், கழுத்து உட்பட மூன்று இடத்தில் தோலைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோய் என்றால் தலைவர் நாற்காலி செயலாளர் கல்யாணராமனுக்கு என்று சங்கமும் தீர்மானம் போட்டிருந்தது. எர்ணாகுளம் லேப்பிலிருந்து இன்று அறிக்கை வந்துவிட்டது.

கல்யாணராமன் அதை மூன்று முறை புரட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அது அவருக்குச் சாதகமாக மாறவில்லை.

“அதென்ன ரஷீதிக்கா மடங்கறது? புரோட்டீன் என்ன, வேட்டியா?”

“ஒழுங்கா மடங்கி இருக்கணுமாம் ஓய். ஒண்ணு கோணிச்சுன்னா பக்கத்துல உள்ளதையும் கோண வைக்கும். அப்படியே பரவுமாம்.”

“நம்ம செயற்குழு மாதிரி.”

“அதான், டாக்டர் சொன்னதும் எனக்குச் சட்டுனு புரிஞ்சுது.”

கைதட்டல். சாயா வந்தது. ரஷீதின் கிளாஸிலிருந்து பாதி சாயா மினிட் நோட்டில் கொட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று சபை ஒருமனதாக முடிவுசெய்தது.

விஷயம் கேள்விப்பட்டு மகள் ஷம்னா சுள்ளிக்கலிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். பத்து நாளாகத் தூங்காத கண்கள்.

“நெஜமாவா வாப்பா? ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணும் இல்ல மோளே. சுத்தமான ரிசல்ட்டு.”

“அல்லாஹ்! கழுத்தைக் காட்டுங்க. தையல் போட்ட இடத்துல மருந்து வைக்கிறேன்.”

“எனக்கு எங்க தையல் போட்டாங்க?”

“தோல் வெட்டி எடுத்தாங்கள்ல?”

ரஷீது மகளைப் பரிதாபமாகப் பார்த்தார். நாற்பது வருட வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, இது தெரியவில்லையே!

“சாம்பிள் கேட்டா, நாம என்னைக்கு மோளே குடோன்ல கிடக்கிறதை அள்ளி அனுப்பியிருக்கோம்? இருக்கறதுலயே முதல் தரமாப் பொறுக்கித்தானே அனுப்புவோம்?”

ரஷீதின் பெயரில் லேப்புக்குப் போயிருந்தது, குடோனில் மூட்டை தூக்கும் இசக்கிதுரையின் தோல், வயது இருபத்திரண்டு.