சன்னலோரக் கட்டில்

சன்னலோரக் கட்டில்தான் வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், என்று சாரதாமணி நினைத்துக்கொண்டாள். குளிக்கச் சுடுதண்ணீர் விடிகாலை ஐந்து மணிக்கே வேண்டும். காபி நுரையோடு, கொதிக்கக் கொதிக்க வேண்டும். இன்றைக்குக் கூச்சப்பட்டால் அப்புறம் காலமெல்லாம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

திருச்செங்கோட்டில், பத்தே பேர் தங்கும் சின்ன முதியோர் இல்லம் அது. பெங்களூரிலிருந்து விடுப்பெடுத்து வந்திருந்த மகன் நிலவன், ஏற்கெனவே இரண்டு இடங்களைக் காட்டியிருந்தான். முதல் இடத்தில் கழிப்பறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்றாள். இரண்டாவது இடத்தில் ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இங்கே, மூன்று கட்டில் போட்ட முன்னறையில் சன்னலோரக் கட்டிலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது மெத்தைங்கம்மா," என்றாள் இல்லத்தை நடத்தும் அன்புச்செல்வி.

"மெத்த கெடக்குது அம்மணி. அஞ்சு மணிக்குச் சுடுதண்ணி வருமா? அஞ்சேகால்னா ஆவாது. இட்லி ஆறிப்போச்சுன்னா தட்டு பறக்கும், இப்பவே சொல்லிப்போட்டேன். கூப்புட்டா ஒடனே ஆளு வரோணும். ரெண்டாவதுவாட்டி கூப்புட வெச்சா ஊரே கேக்கும்."

அன்புச்செல்வி அரண்டுபோய் நிலவனைப் பார்த்தாள். "அம்மா ரொம்பக் கறாரான ஆளாட்ட இருக்கறாங்களே!"

நிலவன் சிரித்துவிட்டான். "அய்யோ, அம்மாவுக்கு இல்லீங்க. இதெல்லாம் அப்பாவுக்கு. அம்மா பழைய சோத்தக் குடுத்தாலும் பேசாம சாப்புட்டுப் போயிரும்."

"இப்படி ஒரு பொஞ்சாதி வாய்க்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க," என்றாள் அன்புச்செல்வி.

அப்பா செங்கோடன் வீட்டில் படுத்திருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். முப்பது வருடம் வண்டியோடு வடக்கே போய், மழைக்காலத்துக்கு மட்டும் வீடு திரும்பியவர். வண்டியை விற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. அதன்பிறகு சாரதாமணி ஒரு நாள்கூட அவரை விட்டு வெளியே தங்கியதில்லை. சொந்தக்காரர்கள் அதைத் தங்கள் மருமகள்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.

போன தை மாதம் பக்கவாதம் வந்து அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. தூக்கி உட்காரவைக்க அவள் இடுப்பில் வலுவில்லை. அவர் குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

முதியோர் இல்லம் பார்க்கலாம் என்ற பேச்சை எடுத்ததே அவள்தான். நிலவனுக்கு அது இன்னும் ஆச்சரியம்.

அன்புச்செல்வி விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுவரில் தொங்கிய காலண்டரில், பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நின்றிருந்தார் மலைக்கோயில் சாமி.

"புருசன் பொஞ்சாதியா இருக்கறவங்களுக்குப் பின்னாடி தனி ரூம் ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு கட்டில். நேத்துக்கூட சேலத்துக்காரங்க கேட்டாங்க."

"அதையே எங்களுக்குக் குடுத்துருங்க." நிலவன் காலண்டரைக் காட்டினான். "இவங்க ரெண்டு பேரும் இந்தச் சாமியாட்டந்தானுங்க. பாதியப் பிரிச்சு எங்க வெக்கறது?"

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது.

"வண்டி கெளம்புற அன்னிக்கு, முக்குத் திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்துட்டிருப்பே. அப்புறம் உள்ள போயி, கதவச் சாத்திட்டு ரேடியோவச் சத்தமா வெச்சுக்குவே. நீ அழுவறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னுதானம்மா? அந்த வயசுலயே எனக்குத் தெரியும்."

சாரதாமணி மகனை நிமிர்ந்து பார்த்தாள். காதோரம் நரைத்துவிட்டது. இத்தனை வருடமும் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான்? சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்புச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சே கெடந்தீங்க. இனியாச்சும் ஒரே ரூம்ல நிம்மதியா இருங்கம்மா," என்றான் நிலவன். விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரையும் அதற்குக் கீழே அம்மாவின் பெயரையும் எழுதி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினான்.

சாரதாமணி பேனாவை வாங்கினாள். தன் பெயரை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு பேனாவை நிதானமாக மூடி, அவன் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

"அப்பாவுக்கு அந்தச் சன்னலோரக் கட்டில் ஒண்ணே போதுஞ் சாமி. அவரு வண்டிக்குப் போயிருக்காருன்னு நெனச்சுக்கிட்டு, நான் வீட்ல ரேடியோவச் சத்தமா வெச்சுக்கறேன்."