சுவிஸ் மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி

தரகர் மூலம் மகளைப் பெண் கேட்ட நிதர்சன் உண்மையிலேயே சுவிஸில்தான் இருக்கிறானா என்று நடராசாவுக்குச் சந்தேகம். வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

"தம்பி, மகன்ர தலையில ஆப்பிளை வைச்சு அம்பு விட்ட சுவிஸ் வீரன்ர கதை அங்க எப்பிடி வந்தது?"

"பழைய வரலாற்று ஏடு ஒண்டில எழுதியிருக்கு, மாமா. அப்பிடி ஒரு ஆள் இருந்ததுக்கு ஆதாரமில்லை. ஆனாலும் சனம் இண்டைக்கும் நம்புது."

நடராசாவுக்கு மனம் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் போனுக்குள் ஒரு கழுதை கத்தியது. அதே கத்தல் மன்னாரில் அவர் வீட்டுத் தெருவிலிருந்தும் கேட்டது.

வாசலுக்கு ஓடினார். எதிர்த் தேநீர்க்கடை வாங்குப் பலகையில், படத்தில் பார்த்த அதே நிதர்சன், கையும் போனுமாக.

"சுவிஸில எண்டியள்?"

"அங்கதான் இருக்கிறனான், மாமா. முந்தநாள் வந்தனான், உங்கட குடும்பத்தைப் பற்றி நாலு பேரிட்ட விசாரிக்க. தரகர் சொன்னதுக்கும் ஆதாரமில்லைத்தானே."