இரண்டாவது காப்பி

ஜோர்டான் வழக்கப்படி பெண் கேட்க, மாப்பிள்ளை வால்டர் பத்து நண்பர்களோடு கசானின் சிகாகோ வீட்டுக்கு வந்தார். காப்பி வந்தது. பெண்ணைத் தருவதாகக் கசான் சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும். வந்த அமெரிக்கர்கள் மடமடவென்று குடித்து முடித்தார்கள்.

இந்தச் சம்பந்தம் பிடிக்காத கசானுக்கு மனசு குளிர்ந்தது.

“குடிச்சாச்சா? அப்ப கேக்க ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். கிளம்புங்க.”

“தெரியாமப் பண்ணிட்டோம்,” என்றார் வால்டர்.

“தெரியாதவருக்கு எங்க வீட்டுப் பொண்ணு எதுக்கு?”

கசானின் அம்மா நூஹா இன்னொரு தட்டோடு வந்தாள்.

“முன்னாடி குடுத்தது தாகத்துக்கு. பொண்ணு கேக்கற காப்பி இதுதான். யாரும் தொடாதீங்க.”

“அம்மா, உள்ள போ. பொண்ணு வீட்டு ஆம்பளை நான் பேசிட்டிருக்கேன்.”

“தாராளமாப் பேசு. பொண்ணு நான்தானேடா, நின்னு கேக்கறேன். உங்கப்பா போய் ஒன்பது வருஷமா ஒத்தைக் கோப்பைதான் கழுவுறேன். மாப்பிள்ளைக்கும் எழுபத்தொண்ணு ஆச்சு. காப்பி ஆறுற வரைக்கும் தாங்குவாரோ என்னவோ.”

வால்டர் இந்த முறை கோப்பையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கசானையே பார்த்தார்.

கசான் ஒரு கோப்பையை எடுத்து வால்டர் பக்கம் நகர்த்தினான்.

“குடிச்சுத் தொலைங்க,” என்றான்.