ஒருக்காலும் பழசாகாதது

"இஞ்சாரும், உம்மட்ட ஒரு சேஃப்டி பின் இருக்கே?"

கொழும்பு, புதுக்கடை நீதிமன்ற நடையில், தூணொன்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டுதான் கார்த்திகன் இப்படிக் கேட்டான். கையிலிருந்த ஃபைலை வயிற்றுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தான்.

சுபோதினிக்கு எரிச்சல் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விவாகரத்து. இந்த மனிதனுக்கு இன்னும் பெண்சாதியைக் கூப்பிடுகிற 'இஞ்சாரும்'.

"என்னத்துக்கு?"

"லோங்ஸ் பட்டன் பறந்திட்டுது. சிப்பும் நிக்குதில்லை."

அவள் கீழே பார்த்தாள். கறுப்பில் மெல்லிய கோடு போட்ட காற்சட்டை. எங்கேயோ கண்ட துணி. எங்கேயோ என்ன, தன் கல்யாணப் பட அல்பத்தில்தான்.

"எங்கட கல்யாண எழுத்துக்குத் தைச்சதே இது?"

"நல்ல துணி. ஒருக்காலும் பழசாகாதெண்டு நீர்தானே சொன்னனீர்."

சொன்னவள் அவள்தான். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நாள் முழுக்க அவள் சொல்வதும் அதைத்தான். கைத்தறிச் சேலை, முத்துத் தோடு, ஒற்றைக் காப்பு: இதெல்லாம் ஒருக்காலும் பழசாகாது அக்கா, நம்பி எடுங்கோ. இன்றைக்கும் கைத்தறியும் முத்துத் தோடுமாகத்தான் வந்திருந்தாள். கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பொருந்துகிற உடுப்பு நீதிமன்றத்துக்குப் பொருந்தாமல் போகாது.

கழுத்தில் தாலிக்கொடியும் கிடந்தது. தீர்ப்பு வந்த பிறகு கழற்றலாம் என்றிருந்தாள். நேரத்துக்கு முதல் கடையை இழுத்துச் சாத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

துணி பழசாகவில்லைதான். உள்ளே இருந்த ஆள்தான் பெருத்துவிட்டான்.

அவளுடைய வழக்கறிஞர் டோரின், கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தார்.

"அடுத்தது உங்கட கேஸ்தான். ரெண்டு பேரும் நேரில நிக்கணும் எண்டு ஜட்ஜ் போன முறை சொன்னவர். ஒராள் இல்லாட்டியும் தள்ளிப் போட்டிடுவார். பிறகு அடுத்த வருசம்தான்."

சொல்லிவிட்டு அவனுடைய ஃபைலை ஒருமுறை பார்த்தார். உடனே உள்ளே போனார்.

ஏற்கெனவே இரண்டு வழக்குத் தவணை வீணாய்ப் போயிருந்தது. முதல் தவணைக்கு அவனுக்குக் காய்ச்சல். மற்றதற்கு வேறு ஏதோ நீதிமன்றத்தில் மத்தியானம்வரை குந்தியிருந்துவிட்டு, "என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்று முறைப்பாடு சொன்னான்.

"நான் ஃபைலைப் பிடிச்சபடியே நிக்கிறனே," என்றான் இப்போது.

"கூண்டில ஏற முதலே ஃபைலை வாங்கி வைச்சிடுவினம்."

அவன் யோசித்தான். அவன் யோசித்தால் நல்லது நடந்ததில்லை.

"அப்ப நான் வீட்ட போறன். வேற நாளில பாப்பம்."

சுபோதினி அவனுக்குக் குறுக்கே வந்து நின்றாள். இன்னொரு வருடம் இந்த ஆளின் மனைவியாக இருப்பதா? அதுவும் ஒரு பட்டனுக்காக?

"அசைஞ்சா கொலை விழும். நில்லுங்கோ."

கைப்பையைச் சுவரோரம் கிடந்த மர வாங்கில் கொட்டினாள். பனடோல், பஸ் டிக்கெட்டுகள், சேலையில் வெட்டிய மாதிரித் துண்டுகள், சீப்பு. பின் இல்லை. ஊருக்கெல்லாம் பின் கொடுக்கிறவள் அவள். கடைசிப் பின்னைக் காலையில் டோரினுடைய கோட்டுக்குக் குத்திவிட்டிருந்தாள்.

"தோளில குத்தியிருக்கிறதைத் தாருமன்."

"தந்திட்டு? நான் ஒரு கையால சேலைத் தலைப்பைப் பிடிக்க, நீங்கள் ஒரு கையால லோங்ஸைப் பிடிக்க, சோடியா உள்ள போவம். ஜட்ஜ் எங்களைத் திருப்பிக் கட்டி வைச்சிடுவார்."

உள்ளே அவர்களுடைய பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கூந்தலை விலக்கிப் பிடரியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ நெம்பினாள். திரும்பியபோது வலது கையில் ஒரு பின் இருந்தது. நல்ல பெரிய பின். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிடியுங்கோ. கெதியா."

அது எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. எது எங்கிருந்து வருகிறது என்று அவன் என்றைக்குமே கேட்டதில்லை.

உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. ஒருவர் தமிழில் மாற்றிச் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் தலையாட்டி ஓம், ஓம் என்றார்கள். எழுத்து நாளிலும் இப்படித்தான் ஓம் போட்டார்கள்.

பின் அசையவில்லை. வழக்கு முடிந்தது.

வெளியே வந்ததும் கார்த்திகன் ஆறுதலாக மூச்சு விட்டான்.

"பின்னை எப்ப திருப்பித் தாறது?"

"நீங்களே வைச்சிருங்கோ."

அப்போதுதான் அவளுடைய இடது கையைக் கண்டான். பொத்திய விரல்களுக்கு இடையில் தாலிக்கொடி தொங்கியது. அதன் ஒரு நுனியில் கொளுக்கி இல்லை. கொளுக்கி இருக்கவேண்டிய இடம் வெறும் வளையமாக இருந்தது. அவன் கொடியைப் பார்த்தான். தன் இடுப்பில் குத்தியிருந்த பின்னைப் பார்த்தான்.

"ஐயோ, கொளுக்கி உடைஞ்சிட்டுதே? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சுபோ! செட்டியார் தெரு நகைக்கடையள் உதில கிடக்கு. ஒரு நிமிசத்தில ஒட்டுவிச்சுத் தந்திருப்பன்."

கொளுக்கி உடைந்தது கல்யாணமாகி இரண்டாம் மாதம். அன்றைக்கே சொன்னாள். அந்தத் தெரு இருக்கிற புறக்கோட்டைப் பக்கம் அவன் போகும்போதெல்லாம் சொன்னாள். பிறகு ஒருநாள் ஒரு பின்னைக் குத்திக்கொண்டு, சொல்வதை விட்டுவிட்டாள்.

விவாகரத்து மனுவில் முதல் காரணமாக அதைத்தான் எழுதச் சொன்னாள். "கொளுக்கிக்கெல்லாம் ஆரும் பிரியிறதா?" என்று சிரித்துச் சிரித்து வெட்டிவிட்டது டோரின்தான்.